பச்சைச் சலாட்

கிரீம் அடிக்கிற மெஷினை நிறுத்தியபோதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வைதேகியின் கை அப்படியே நின்றது. மச்சாள் எழும்பிவிட்டாள்... மெஷின் சத்தத்தில் எழும்பினாளோ, இல்லை விடியும்வரை நித்திரையில்லாமல்தான் கிடந்தாளோ!

இன்று அவளுடைய கணவர் கனகலிங்கத்தின் ஆண்டுத் திவசம். ஐயர் வருவதற்கு முன்னால் சமையல் முடிய வேண்டும். அடுப்பில் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் கொதித்துக்கொண்டிருந்தன. பொரித்த கத்தரிக்காய் எண்ணெய் வடிய ஒரு பக்கம் கிடந்தது. மேசை நடுவில் பெரிய கண்ணாடிப் பாத்திரம். அதற்குள் வெளிர்பச்சை நிறத்தில் பிஸ்தாப் புடிங் இறுகிக்கொண்டிருந்தது.

சுந்தரேஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியின் மனைவியைப் பார்த்தாள்.

"உதென்ன?"

வைதேகி மெஷினின் கம்பிகளைக் கழற்றினாள்.

"உன்னைத்தான் கேக்கிறன். உதென்ன?"

"அவருக்குப் பிடிச்சது மச்சாள்... படையலுக்கு..."

"படையலுக்கோ! என்ர தம்பியைத் தின்ட சாமானை அவன்ர படத்துக்கு முன்னால வைக்கப் போறியோ? உனக்கு நெஞ்சில ஈரம் எண்டு ஒண்டு இருக்கோடி?"

வைதேகி குனிந்து அன்னாசித் துண்டுகளை வடிதட்டில் போட்டு அமத்தினாள். ஒரு வருசமாக அவள் பழகிக்கொண்ட பதில் அதுதான். கையில் ஒரு வேலையை எடுத்துக்கொள்வது.

"சீனி வருத்தக்காரனுக்குக் கோப்பை கோப்பையா இதைத் தீத்தினனி. நான் என்ர கண்ணால கண்டனான். அதோட போனவன்தான்... இண்டைக்கும் அதையே செய்து வைச்சிருக்கிறாய்!" சுந்தரேஸ்வரியின் குரல் உடைந்தது. "செய். செய்து நீயே சாப்பிடு. படத்தடிக்கு மட்டும் அது வராது. பின்னேரம் சனம் போனாப்பிறகு, நீ எங்க போறதெண்டு சொன்னனியோ அங்க போ. நான் மறிக்கமாட்டன்."

செருப்புச் சத்தம் திரும்பவும் படியேறிப் போனது.

பீலெஃபெல்ட்டில் அந்த இரண்டு தட்டு வீட்டை அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். மேல்வீட்டில் சுந்தரேஸ்வரி, கீழ்வீட்டில் கனகலிங்கமும் வைதேகியும். எந்நேரமும் திறந்திருந்த நடுக்கதவு அவர் செத்த பிறகு மூடப்பட்டது. மூடிய கதவுக்கு அந்தப்பக்கமிருந்து வந்த பேச்சுகளை மட்டும் எந்தக் கதவாலும் மறிக்க முடியவில்லை. கடைசியில் வைதேகி நகரத்தின் மற்றப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தாள். திவசம் முடிந்ததும் போய்விடுவதாகச் சொல்லியுமிருந்தாள். நடையில் அவளுடைய பை கட்டியபடி நின்றது.

கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. அன்னாசியை நன்றாகப் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் பிறகு தண்ணீர் விட்டுவிடும். புது அன்னாசி ஆகாது, பாலோடு சேர்ந்தால் கைக்கும். டின் அன்னாசிதான் வேண்டும். தோடம்பழச் சுளைகளை உடையாமல் எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் பிரிங்க்மன் என்ற ஜேர்மன்காரி.

அந்தச் சலாட் வைதேகிக்கு முன்னமே இந்தக் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. கனகலிங்கம் ஜேர்மனிக்கு வந்த முதல் மாரி. அகதிகளை அடைத்து வைத்திருந்த ஹைம் விடுதியில், ஓர் அறைக்குள் பலரோடு படுத்து எழும்பிய காலம். நத்தார்ப் பண்டிகைக்கு, பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் விருந்து என்று கூட்டிப்போனார்கள். அங்கே பிரிங்க்மன் ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்து, "சலாட், சலாட்" என்று சொல்லி அவருடைய தட்டில் ஒரு கரண்டி வைத்தாளாம்.

"சலாட் எண்டா இலைகுழை எண்டுதானே நினைச்சனான்! உப்பும் மிளகும் எங்க எண்டு தேடினனான். வாயில வைச்சாப்பிறகுதான்... பஞ்சு மாதிரி, குளிரா, இனிப்பா... அண்டைக்குத்தான் நான் இந்த நாட்டில முதன்முதலாச் சிரிச்சனான்!"

இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! அக்காவையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டெடுத்தபோது, அவர்கள் வந்திறங்கிய அன்று தானே கிண்டி வைத்திருந்ததும் இதைத்தான். சின்ன ஆரணி சோற்றைத் தொடாமல் இதை மட்டும் சாப்பிட்டுவிட்டு மாமாவின் மடியிலேயே நித்திரையாகிப் போனாளாம். வைதேகி கலியாணம் முடித்து வந்த பிறகு, பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, வீடு குடிபுகுதல் என்று எந்தக் கொண்டாட்டத்திலும் வடைக்கும் பாயசத்துக்கும் பக்கத்தில் பச்சைச் சலாட் இருந்தது. அவளுக்கும் கனகலிங்கத்துக்கும் பிள்ளை கிடைக்கவில்லை. அக்காவின் மகன் ஆரூரனும் மகள் ஆரணியும்தான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளைகள்.

வைதேகி அடித்த கிரீமைப் புடிங்குக்குள் போட்டாள். இனி அடிக்கக் கூடாது. கரண்டியைச் சரித்து, அடியிலிருந்து மேலுக்கு மடித்து மடித்து விட வேண்டும். அவசரப்பட்டால் காற்றெல்லாம் போய்க் கூழாகிவிடும். கடைசியாகச் சின்னச் சின்ன மாஷ்மெலோக்கள். விரத நாள் என்பதால், எலும்புச் சேர்மானம் இல்லாததாகத் தேடி வாங்கியிருந்தாள்.

கனகலிங்கத்துக்குச் சீனி வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் அவரைக் கொண்டுபோனது சீனி அல்ல. அது இந்த வீட்டில் வைதேகிக்கு மட்டுமே தெரியும்.

மாசி மாதத்தில் வயிற்றுநோவு என்று போனவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டிருந்தது. ஆரணியின் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்து, கார்ட் அடித்து, ஊருலகமெல்லாம் சொல்லி முடிந்திருந்த நேரம் அது. தகப்பன் இல்லாத பிள்ளை. தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் தாய்மாமனும் மாமியும்தான்.

முதல் தரம் மருந்து ஏற்றியதுமே மனுசன் விழுந்துபோனார். காய்ச்சல் என்று அக்காவுக்குச் சொன்னார்கள். வைத்தியர் ஒன்றையும் மறைக்கவில்லை. மருந்தைத் தொடர்ந்தால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், ஆனால் அந்த மாதங்கள் கட்டிலோடுதான். விட்டால், கொஞ்சக் காலத்துக்காவது நோவைக் கட்டுப்படுத்தி நடமாட வைக்கலாம். கனகலிங்கம் யோசிக்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள் இருந்துகொண்டு அவர் சொன்னது இன்றைக்கும் அவளுடைய காதில் நின்றது.

"வைதேகி... அக்காவுக்குச் சொல்லக்கூடாது."

"எப்பிடியப்பா சொல்லாமல் விடுறது? உங்களைத் தூக்கி வளத்தவ..."

"அதாலதான் சொல்லுறன். தெரிஞ்சா கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவா. அவவின்ர கலியாணத்தில அவ என்ன சுகத்தைக் கண்டவ? தாலி கட்டின கையோட பொம்மர் வந்து குண்டு போட, பங்கருக்குள்ள ஓடினவ. பிள்ளையின்ர கலியாணத்தையாவது அவ சிரிச்சுக்கொண்டு பாக்கட்டும்."

"சரி... எல்லாம் முடிஞ்சாப்பிறகாவது சொல்லலாம்தானே?"

"ஐயோ, பிறகு சொன்னா அது இதைவிட மோசம்! என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்காகத் தம்பி மருந்தை விட்டவன் எண்டு நெஞ்சில அடிச்சடிச்சே செத்துப்போவா. அந்தப் பாரம் அவவுக்கு வேண்டாம். எனக்குச் சத்தியம் பண்ணு. நீ தாங்குவாய் வைதேகி..."

நீ தாங்குவாய்! அந்த ஒரு சொல்லில் அவர் தன்னை எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறார் என்று அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு வந்த மாதங்களில், அதே சொல்லை நினைத்து அவருடைய படத்தோடு சண்டை பிடித்தும் இருக்கிறாள். தாங்குவாள் என்று தெரிந்தால், அதற்காக எதையும் தூக்கி வைத்துவிடலாமா?

கலியாணம் சிறப்பாக நடந்தது. அடுத்த கிழமையே கனகலிங்கம் சோபாவோடு ஒட்டிப்போனார். சோறு இறங்கவில்லை, கஞ்சி நிற்கவில்லை. "இனிக் கட்டுப்பாடு ஒண்டும் வேண்டாம், கேக்கிறதைக் குடுங்கோ" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் கேட்டது பச்சைச் சலாட். குளிராக, மெதுவாக, விழுங்குகிற சிரமமில்லாமல் உள்ளே போனது அது ஒன்றுதான். அவள் ஒவ்வொரு நாளும் கிண்டினாள், தேக்கரண்டியால் தீத்தினாள்.

அப்படித் தீத்திக்கொண்டிருந்தபோதுதான் சுந்தரேஸ்வரி உள்ளே வந்தாள். கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டாள். "அக்கா... நான்தான் கேட்டனான்" என்று அவர் முனகியது அவளுடைய கூச்சலுக்குள் யாருக்கும் கேட்கவில்லை.

சில நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆரணி புருசனோடு தேன்நிலவில் இருந்தாள், ஆரூரன் வேலை விசயமாக வெளிநாட்டில். சுந்தரேஸ்வரிக்கு ஜேர்மன் மொழி கடைக்குப் போய்வருகிற அளவுக்குத்தான் வரும். நோயாளி கேட்டுக்கொண்டபடி வைத்தியர் வைதேகியிடம் மட்டும் கதைத்தார், தணிந்த குரலில், மிகவும் ஆறுதலாக. அவர் போனதும் சுந்தரேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்து உலுப்பினாள்.

"என்னவாம்? டொக்டர் என்ன சொல்லுறார்? சொல்லன்!"

உண்மை நாக்கில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"சீனி கூடிட்டுதாம் மச்சாள்... அதாலதானாம்."

தனக்கு எதிரான தீர்ப்பைத் தன் வாயாலேயே மொழிபெயர்த்துச் சொன்னாள். அன்றைக்குப் பின்னேரம் கனகலிங்கம் கண்ணை மூடினார்.

ஆரணி டுசல்டோர்ஃபிலிருந்து வந்து சேர்ந்தபோது ஐயர் கிரியையைத் தொடங்கிவிட்டிருந்தார். அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவளின் கண்ணில் நடையில் நின்ற பை பட்டது.

"மாமி... உண்மையாவே போறீங்களோ?"

"ஓம் பிள்ளை. உள்ள போ, ஐயர் தேடுறார்."

ஆரணி ஏதோ சொல்ல வந்தாள். மாமியின் கையை ஒருதரம் பிடித்து அமத்திவிட்டு உள்ளே போனாள். இந்த ஒரு வருசமாக அவள் அப்படித்தான். வருவாள், கையைப் பிடிப்பாள், கண்ணைப் பார்க்காமல் போய்விடுவாள். தாயின் பேச்சைக் கேட்டுத் தன்னை வெறுக்கிறாள் போல என்று வைதேகி எண்ணியிருந்தாள்.

ஆரூரன் மாமாவுக்குத் தர்ப்பணம் செய்தான். ஐயர் தானம் வாங்கிக்கொண்டு போன பிறகு, சொந்தக்காரர் எல்லாரும் ஹோலில் கூடினார்கள். படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்துச் சோறு, கறிகள், வடை, பாயசம், அவருக்குப் பிடித்த, பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ எல்லாம் வைத்தார்கள். சுந்தரேஸ்வரி தானே நின்று ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"எல்லாம் வைச்சாச்சோ? அப்ப கற்பூரத்தைக் கொளுத்து ஆரூரன்."

"கொஞ்சம் பொறு அப்பன்" என்றாள் வைதேகி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணாடிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். பேசாமல் இருக்கிறேன் என்றுதான் அவள் சத்தியம் செய்தாள். அவருக்குச் சமைக்கமாட்டேன் என்று அல்ல. இந்த வீட்டில் இன்றைக்குத்தான் கடைசி நாள். இதை மட்டும் அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நேராக நடந்து வந்து, பாத்திரத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடு உதை!"

வைதேகி நகரவில்லை.

"விடியவும் சொன்னனான்... சனத்துக்கு முன்னால என்னை அவமானப்படுத்தவோ இதைத் தூக்கிக்கொண்டு வந்தனி? எடடி!"

"அவர் கடைசியா விரும்பிச் சாப்பிட்டது இது மச்சாள். இண்டைக்கு ஒருநாள் இது இருக்கட்டும். பிறகு நான் போயிடுவன்..."

"கடைசியாச் சாப்பிட்டது! சாப்பிட்டுத்தானே செத்தவன்!" சுந்தரேஸ்வரி குனிந்து பாத்திரத்தைத் தூக்கினாள். "குப்பைக்குள்ள போட்டாத்தான் என்ர தம்பியின்ர ஆத்மா சாந்தியடையும்!"

அவள் குசினிப் பக்கம் திரும்பியபோது ஆரணி வழியில் நின்றாள்.

"அம்மா, அதைத் திருப்பி வையுங்கோ."

"நீ விலகு பிள்ளை."

"வையுங்கோம்மா!" ஆரணி தாயின் கையைப் பிடித்து மறித்தாள். "மாமாவைக் கொன்றது இந்தச் சலாட் இல்லை... மாமாவுக்குக் கான்சர்!"

"ஆரணி!" வைதேகி கத்தினாள். அந்த வீட்டில் அவளுடைய குரல் அப்படி உயர்ந்ததை ஒருவரும் கேட்டதில்லை. "பேசாதை! வாயை மூடு!"

"ஏலாது மாமி. இனியும் என்னால ஏலாது!"

சுந்தரேஸ்வரி பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி மகளையே பார்த்தாள். "என்னடி சொல்லுறாய்?"

"மணவறையில, தாரை வாக்கேக்குள்ள... மாமா கையை நீட்டினவர். தோளில கிடந்த சால்வை சரிஞ்சது. முதுகுப்பக்கம் ஒரு மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. நான் நேர்ஸ்தானேம்மா... சும்மா நாரிப்பிடிப்புக்கு ஒட்டுறது எது, சாகிற வருத்தக்காரருக்கு நோவுக்கு ஒட்டுறது எது எண்டு எனக்குத் தெரியாதோ? ஆள் மெலிஞ்சதும் கண் மஞ்சளாகினதும் அப்பதான் எனக்கு விளங்கினது. 'மாமா, இது என்ன?' எண்டு மெல்லக் கேட்டனான். அவர் சால்வையை இழுத்து மூடிப்போட்டு, 'அழாதை பிள்ளை, கண்மை கரையப் போகுது. வீடியோ எடுக்கிறாங்கள்' எண்டு சொல்லிச் சிரிச்சவர்..."

அவள் விம்மினாள். கலியாண வீடியோவில் ஆரணி தேம்பி அழும் காட்சியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். தாய்வீட்டைப் பிரிகிற துக்கம் என்றே நினைத்தார்கள். பக்கத்தில் நின்று நீர் வார்த்த வைதேகியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"நீ... தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் இருந்தனி?" என்று கேட்டாள் வைதேகி. "அம்மா என்னைப் பேசின பேச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டோ?"

"எனக்குப் பயமா இருந்தது மாமி... சொன்னா, அம்மா என்ர கலியாண நாளையே சபிச்சுப்போடுவா எண்டு பயந்திட்டன். இண்டைக்கு உங்கட பையைக் கண்டாப்பிறகுதான்... என்னை மன்னியுங்கோ மாமி..."

வைதேகி தன் கையால் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நெஞ்சுக்குள் புதிதாக ஓர் இடம் வலித்தது. ஆரணி நீட்டிய கையைப் பிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆனாலும் பிடித்தாள்.

சுந்தரேஸ்வரி வைதேகியிடம் வந்தாள்.

"நீதானே சொன்னனி... சீனி எண்டு. டொக்டர் சொன்னதெண்டு உன்ர வாயாலதானே சொன்னனி!"

"ஓம் மச்சாள். நான்தான் சொன்னனான்."

"ஏன்? ஏனடி அப்பிடிச் சொன்னனி? நான் உன்னைக் கொலைகாரி எண்டு பேசப்பேச... ஒரு நாளாவது வாய் திறந்தனியோ?"

"அவர் சத்தியம் வாங்கினவர்."

"என்ன சத்தியம்? எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?" அவள் சட்டென்று நின்றாள். கலியாணத்துக்கு முந்திய நாட்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும். முகம் மெல்ல மெல்ல வெளிறியது. "கான்சருக்கு மருந்து ஏத்துவினமே... அவன் ஏன் ஏத்தேல்லை? வைதேகி... என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு. பிள்ளையின்ர கலியாணத்துக்காகவோ?"

இன்னொரு பொய் வைதேகியின் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு இப்போது பொய் சொல்வது சுலபம், பழகிவிட்டது. ஆனால் எதிரில் நின்ற அந்தக் கிழடு தட்டிய முகம் இனி எதைச் சொன்னாலும் நம்பப்போவதில்லை. உண்மையை மட்டும்தான் நம்பும்.

"ஒருதரம் ஏத்தினதோட விட்டவர். தொடர்ந்து ஏத்தியிருந்தாலும் பிழைச்சிருக்கமாட்டார் மச்சாள். சில மாசம் கூட இருந்திருப்பார், கட்டிலோட. அந்த மாசங்களைவிட அவருக்கு மணவறையில நிக்கிற ஒரு நாள் பெரிசாப் பட்டது. நீங்கள் கேட்டு அவர் குடுக்கேல்லை. அவராத்தான் தெரிஞ்செடுத்தவர். அண்டைக்கு மண்டபத்தில நீங்கள் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சீங்கள். 'பாத்தியோ, அக்கா சிரிக்கிறா' எண்டு என்ர காதுக்குள்ள சொன்னவர்... அவ்வளவு சந்தோசத்தை நான் அவர்ர முகத்தில கண்டதில்லை."

"ஐயோ... என்ர ராசா..."

பாத்திரம் கைதவறிப் போவதற்குள் ஆரூரன் ஓடிவந்து வாங்கிக்கொண்டான். சுந்தரேஸ்வரி நிலத்தில் இருந்துவிட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கனகலிங்கம் பயந்த அதே அழுகை. சுற்றி நின்ற பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் முழங்காலில் நகர்ந்து வந்து வைதேகியின் கால்களை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஐயோ மச்சாள்! என்ன செய்யிறியள்! எழும்புங்கோ!"

வைதேகியும் நிலத்தில் விழுந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் எனக்குப் பாரம் வைக்கக்கூடாதெண்டு உன்ர தலையில வைச்சுப்போட்டுப் போட்டான். நான் அதுக்கு மேலயும் கல்லை அடுக்கினனான்... என்னை ஒரு சொல்லாவது பேசு வைதேகி! பேசினாத்தான் எனக்கு ஆறும்!"

"பேசுறதுக்கு என்னட்டை ஒண்டும் இல்லை மச்சாள்... கோவம் இருந்தது. இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா இப்ப..."

சுந்தரேஸ்வரி எழுந்தாள். ஆரூரனிடமிருந்து பாத்திரத்தை வாங்கினாள். சேலைத் தலைப்பால் அதன் விளிம்பைத் துடைத்தாள். தம்பியின் படத்துக்கு முன்னால், இலையின் வலப்பக்கத்தில், பாயசத்தையும் தள்ளி வைத்துவிட்டு அதை வைத்தாள்.

"நீ கொளுத்து வைதேகி" என்றாள். "கற்பூரத்தை நீதான் கொளுத்த வேணும்."

சாப்பாடு முடிந்து பின்னேரமளவில் வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். போகும்போது ஒவ்வொருத்தியும் வைதேகியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஒரு வருசமாக அவளைக் கண்டால் முகம் திருப்பியவர்கள்தான் அவர்களும். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

அவள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது சுந்தரேஸ்வரி வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். சன்னலுக்கு வெளியே கோடை வெயில் இன்னும் தாழவில்லை.

"நீ போறதெண்டா மறிக்க எனக்கு வாயில்லை."

"அந்த அறைக் கதவுத் திறப்பையும் கையில வாங்கிட்டன் மச்சாள்... இருக்கிறன் எண்டும் உடன சொல்ல எனக்கு வரேல்லை. கொஞ்சம் யோசிக்க வேணும்."

"யோசி. ஆறுதலா யோசி. அதுவரைக்கும் இஞ்ச இருந்து யோசியன்..."

வைதேகி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இவ்வளவு காலமும் கல்லாக நின்ற மனுசி, ஒரே பகலில் சின்னப்பிள்ளை போலக் குறுகிப்போயிருந்தாள்.

"சரி மச்சாள்."

"ஒண்டு கேக்கட்டே?" சுந்தரேஸ்வரி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "உன்னோட சண்டை பிடிச்சதில, நான் அவனோட கடைசியா ஒரு வார்த்தை ஆசையாக் கதைக்கேல்லை. அந்த நாளுகள் முழுக்க உன்னட்டைத்தான் இருக்கு. எனக்குச் சொல்லன்... அவன் என்ன கதைச்சவன், எப்பிடிப் படுத்தவன், என்னைத் தேடினவனோ... எல்லாத்தையும் சொல்லு."

வைதேகி எதிர்க் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"எங்கயிருந்து சொல்ல?"

"வயித்துக்குள்ள நோகுது எண்டு அவன் முதன்முதல் சொன்ன நாளில இருந்து."

ஒருவருக்கும் சொல்லாமல், ஒருவரும் கேட்காமல் அவளுக்குள்ளேயே கிடந்த கதை. தொடங்குவதற்கு வாய் திறந்தாள். அழுகைதான் வந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து, உடம்பு முழுவதும் குலுங்கக் குலுங்க அழத் தொடங்கினாள். கணவனுக்காக, ஒளிக்காமல், வாய்விட்டு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

சுந்தரேஸ்வரி எழுந்து வந்து அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அழு... நல்லா அழு. அழுதுபோட்டுச் சொல்லு. நான் எங்கயும் போகேல்லை."